நாவல் மரமும் மகிழ மரமும்: சர்க்கரையை விட மனசு எப்போது வரும்?

போன ஆடியில் அம்மாவும் சித்தியும் திருநாவலூர் போகணும் என்றார்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். சுந்தரர் பிறந்த ஊர். பக்தஜனேஸ்வரர் கோயில். தல விருட்சம், ஊர்ப் பெயரே சொல்வது போல, நாவல் மரம்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ஹெச்பிஏ1சி 6.2. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எண் இது. 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5க்கு மேல் போனால் நீரிழிவு, நடுவில் இருப்பதை முன்நீரிழிவு என்கிறார்கள். எடை 84 கிலோ, இடுப்பு 101 சென்டிமீட்டர். காரில் வரும்போதே அம்மா சித்தியிடம் சொல்லிவிட்டார்.

நாவல் மரத்தைப் பார்த்ததும் சித்திக்கு வழி பிறந்துவிட்டது. "நாவக் கொட்டைய காய வச்சுப் பொடி பண்ணி, வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் சாப்புடுப்பா. சக்கரை ஓடியே போயிடும்." சொல்லி முடித்த கையோடு, தொன்னையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை என் கையில் வைத்தார். "சாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது."

நானும் சாப்பிட்டேன். முழுத் தொன்னையையும்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் அப்பாவுக்கு 51 வயதில் சர்க்கரை வந்தது. 63இல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தக் கட்டைப் பிரித்து மருந்து போட்டவன் நான்தான். சர்க்கரை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தும் ஏன் கை நீள்கிறது? எல்லாரும் சொல்கிற அந்த 'மோட்டிவேஷன்' எங்கேதான் கிடைக்கும்? எட்டு மாதம் படித்ததையும், என்மேலேயே செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நாவல் கொட்டை

சித்தி சொன்னது புதிதல்ல. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நாவல் கொட்டையை நீரிழிவுக்குச் சொல்லி வந்திருக்கின்றன. எலிகளில் செய்த சோதனைகள் சிலவற்றில் விதைச் சாறு சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. ஆனால் எலியில் நடப்பது எல்லாம் மனிதரில் நடப்பதில்லை. நாவல் இலைத் தேநீரை பிரேசிலில் மனிதர்களிடமும் சோதித்தார்கள், சர்க்கரை குறையவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று வாதாடலாம். ஆனால் ஒரு கையில் கொட்டைப் பொடியும் இன்னொரு கையில் சர்க்கரைப் பொங்கலும் வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

இதே வரிசையில் வருவது நாட்டுச் சர்க்கரை. "வெள்ளைச் சீனிதான் விஷம், வெல்லம் நல்லது" என்பது வாட்ஸப் குழுக்களின் வேதவாக்கு. வெல்லத்தின் பெரும் பகுதி சுக்ரோஸ்தான், சீனியைப் போலவே. கொஞ்சம் இரும்பும் தாது உப்புகளும் உண்டு. அதற்காகத் தின்ன வேண்டிய வெல்லத்தின் அளவு நமக்குக் கட்டுப்படியாகாது. கலோரியும் கிட்டத்தட்ட அதேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கரும்பு வெறும் பயிரல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். பக்கத்து மாவட்டமான கடலூரின் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842இலேயே ஆலை போட்டுவிட்டது. அரவை சீசனில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகாத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. ஒரு வீட்டில் காப்பியில் சர்க்கரை குறைந்தால் அது கஞ்சத்தனம், கூடினால் அது அன்பு. இப்படி ஒரு ஊரில் "எனக்கு வேண்டாம்" என்பதற்கு மன உறுதி மட்டும் போதாது.

கணக்கு

எந்த பக்கையும் சரிசெய்யும் முன் லாக் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பழக்கம். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், வாயில் போட்டதை மட்டும் எழுதினேன்.

ஒரு நாளைக்கு ஐந்து டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைவாகவே வைத்தாலும் நாளைக்கு 40 கிராம். வருடத்துக்கு 14.6 கிலோ. பிஸ்கட், பிறந்தநாள் கேக், கல்யாண வீட்டு ஜாங்கிரி எல்லாம் இதில் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். என் டீ மட்டுமே இரண்டாவது கோட்டைத் தாண்டிவிட்டது.

லாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. காலையில் நான் உத்தமன். இட்லி, சாம்பார், அளவு எல்லாம் சரி. வண்டி தடம் புரண்டது பெரும்பாலும் இரண்டே நேரத்தில். ஒன்று மாலை நாலு மணி, ஆபீஸ் டீ. இன்னொன்று இரவு பத்தரை, எல்லாரும் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜ் கதவு.

இதற்குப் பொருளாதார ஆய்வாளர்கள் நிகழ்காலச் சாய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்ஸ்டர்டாம் அலுவலகங்களில் வேலை செய்தவர்களிடம் அடுத்த வாரம் என்ன நொறுக்குத்தீனி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தட்டை நேரில் நீட்டி மறுபடி கேட்டார்கள். பழம் என்று சொல்லியிருந்த பலர் தட்டைப் பார்த்ததும் மாறிவிட்டார்கள். தீர்மானம் போடுகிற ஆளும் தின்கிற ஆளும் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு பேர். காலை ஆறு மணிக்கு வருகிற மோட்டிவேஷன் முதல் ஆளுக்கு வருகிறது. நாலு மணிக்கு டீக்கடையில் நிற்பது இரண்டாவது ஆள்.

பயமும் அப்படித்தான். பரிசோதனை முடிவைப் பார்த்த பயத்தில் நான் சர்க்கரையைத் தொடாமல் இருந்தது சரியாக நான்கு நாள். ஐந்தாவது நாள் நடந்ததுதான் மேலே சொன்ன தொன்னை.

திருநாவலூர்க்காரரின் சத்தியம்

சுந்தரர் கதையை சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இந்த முறை பெரிய புராணத்தை எடுத்துப் படித்தபோது அது வேறு மாதிரித் தெரிந்தது.

திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்துகொண்டிருந்த சுந்தரர், திருவொற்றியூர் வருகிறார். சங்கிலியாரைப் பார்த்து மணக்க விரும்புகிறார். சங்கிலியாருக்கு நியாயமான சந்தேகம்: இவருக்குத் திருவாரூரில் வீடு இருக்கிறதே, விட்டுப் போய்விட்டால்? போக மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்தால் சம்மதம்.

இங்கேதான் விஷயம். சுந்தரருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். ஒரு நாள் போகத்தான் போகிறோம் என்பதும் தெரியும். அதனால் இறைவனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்: நான் சன்னதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் அங்கே இருக்காதீர், மகிழ மரத்தடியில் போய் இரும். சாட்சி இல்லாத இடத்தில் சத்தியம்! சாஃப்ட்வேரில் 'பேக்டோர்' என்று சொல்வோமே, அதேதான். இறைவனும் சரி என்றுவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழியர், சன்னதி எதற்கு, இந்த மகிழின் கீழே சொன்னால் போதும் என்கிறார்கள். சுந்தரருக்கு வேறு வழியில்லை.

பிறகு வசந்தம் வருகிறது, தென்றல் வீசுகிறது, திருவாரூர் விழா நினைவுக்கு வருகிறது. கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பக் கிடைப்பது மீதிக் கதை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை மூன்று.

ஒன்று, தீர்மானம் போடும்போதே நாம் ஓட்டையும் போட்டு வைக்கிறோம். என் ஓட்டைகளைப் பட்டியல் போட்டேன்: பிரசாதம் கணக்கில் வராது. அடுத்தவர் வீட்டில் கொடுத்தால் கணக்கில் வராது. வெல்லம் கணக்கில் வராது. மகள் மிச்சம் வைத்தது கணக்கில் வராது. சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்லி மதியம் ஒரு கரண்டி சோறு அதிகம் போட்டுக்கொள்வதும் ஓட்டைதான். தீட்டிய அரிசி போன்ற தானியங்களை அதிகம் உண்பவர்களிடம் நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் கோளாறுகள் கூடுதலாக இருப்பதை சென்னையில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

இரண்டு, ஓட்டையை அடைத்தது சுந்தரர் அல்ல, தோழியர். அதாவது, விஷயம் தெரிந்த இன்னொரு மனிதர்.

மூன்று, தண்டனை பெரிதாக இருந்தும் சத்தியம் உடைந்தது. வசந்தம் வரும் என்பது தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு என்ன செய்வது என்ற ஏற்பாடுதான் இல்லை.

சென்னை ரிக்ஷாக்காரர்கள்

இது புராணத்தோடு நின்றுவிடவில்லை. ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார ஆய்வாளர் சென்னையில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார், 2019இல் வெளியானது. தினமும் வந்து மூச்சுப் பரிசோதனை கொடுக்க வேண்டும். குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்பது ஒரு ஏற்பாடு. எப்படி வந்தாலும் நிபந்தனை இல்லாமல் பணம் என்பது இன்னொன்று. எது வேண்டும் என்று கேட்டபோது, நிபந்தனை இல்லாத பணம் கூடுதலாக இருந்தும்கூட, கணிசமானோர் நிபந்தனை உள்ளதைக் கேட்டார்கள். காசை இழந்தாவது தங்களைக் கட்டிப்போடச் சொன்னார்கள். பகலில் குடிக்காமல் இருந்தவர்களின் சேமிப்பும் சுமார் 50 சதவீதம் கூடியது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. குடிப்பவர்களுக்கு மன உறுதி இல்லை என்று எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! நாள் முழுக்க மிதித்து உடம்பு வலியோடு இருக்கும் அந்த மனிதர்கள், தங்கள் பலவீனத்தை என்னைவிட நேர்மையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எடை குறையாமலே கிடைத்த பலன்

நம் ஊர் ஆட்கள் உணவையும் நடையையும் மாற்றினால் உண்மையிலேயே நீரிழிவு தள்ளிப்போகுமா? இதற்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளியானது. முன்நீரிழிவு நிலையில் இருந்த 531 பேர். எதுவும் செய்யாத குழுவில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சர்க்கரையையும் தீட்டிய தானியங்களையும் குறைத்து, தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்ன குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த குழுவில் 40.5 சதவீதம். அதாவது நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்கு இணையாக வேலை செய்தன.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் வேறு. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. இருந்தும் பலன் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் இரண்டு மாதம் நடந்து, தராசு முள் அசையவில்லை என்று விட்டிருக்கிறோம்? முள் அசையாத அந்த இரண்டு மாதமும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கக்கூடும். தராசை மட்டும் மோட்டிவேஷனாக வைத்துக்கொண்டவர், பலன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார். எடை குறைந்தால் நல்லதுதான், முழங்காலே நன்றி சொல்லும். ஆனால் அது ஒன்றே அளவுகோல் அல்ல.

அதே குழுவினர் 2013இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயது வரையிலான 537 ஆண்கள். என்னைப் போன்றவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஆரம்பத்தில் ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள், அவர்கள் கேட்ட நேரத்தில், அவர்கள் மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி. மாற வேண்டும் என்றே தோன்றாதவருக்கு ஒரு மாதிரிச் செய்தி, தொடங்கிவிட்டவருக்கு வேறு மாதிரி. இரண்டு ஆண்டு முடிவில் நீரிழிவு வந்தவர்கள்: செய்தி வராத குழுவில் 27 சதவீதம், வந்த குழுவில் 18 சதவீதம். ஜிம் இல்லை, டயட் டப்பா இல்லை. சரியான நேரத்தில் யாரோ விடாமல் ஞாபகப்படுத்தியது மட்டும்தான்.

2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. முன்நீரிழிவு 13 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் மன உறுதி இல்லை என்று சொல்வது விளக்கமே அல்ல.

நான் செய்தது

நிபுணர் ஆலோசனை அல்ல, ஒரே ஒரு ஆளின் குறிப்பு. நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

நாலு மணி ஆளுக்காக: டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கினேன். எட்டு வாரத்தில் பூஜ்யம். நாக்கு பழகிக்கொள்கிறது, இப்போது பழைய டீ பாயசம் மாதிரி இருக்கிறது. கடைக்காரரிடம் மூன்று மாத டீக்கு முன்பணம் கொடுத்து, "அண்ணே, எனக்குச் சக்கரை இல்லாம மட்டும்தான், நானே கேட்டாலும் போடாதீங்க" என்றேன். சிரித்தார். ஆனால் ஒரு நாளும் போடவில்லை. அவர்தான் எனக்கு மகிழ மரம்.

பத்தரை மணி ஆளுக்காக: இனிப்பு வீட்டுக்குள் வருவதில்லை. வேண்டுமென்றால் கடைக்குப் போய் அங்கேயே நின்று சாப்பிடலாம். இரவு பத்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் அளவுக்கு ஆசை எனக்கு இதுவரை இரண்டே முறைதான் வந்திருக்கிறது.

வசந்தத்துக்காக: பொங்கல், தீபாவளி, கல்யாணம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விதி எழுதிவைத்தேன். ஒரு இனிப்பு, நானே தேர்ந்தெடுத்தது, உட்கார்ந்து சாப்பிடுவது. அடுத்த வேளையே பழைய வழி. பொங்கலன்று அந்த விதியையும் மீறினேன். நான்கு நாள் மீறினேன். முன்பெல்லாம் இப்படி நடந்தால் "எல்லாம் போச்சு" என்று ஆறு மாதம் விட்டுவிடுவேன். இந்த முறை ஐந்தாவது நாள் திரும்பினேன். எட்டு மாதத்தில் நான் கற்றதில் இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

நடை: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம், காலையில் இருபத்தைந்து. மகள் கூட வருகிறாள். நான் சோம்பினால் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். நான் போகாவிட்டால் அவளுக்கும் நடை கிடையாது என்பதால், பெரும்பாலும் போய்விடுகிறேன்.

முடிவு: எடை 84இலிருந்து 80.5. இடுப்பு 101இலிருந்து 96. ஹெச்பிஏ1சி 6.2இலிருந்து 5.8. இன்னும் முன்நீரிழிவுக் கோட்டுக்குள்தான் இருக்கிறேன். ஒரு ஆளின் ஒரு எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும். அப்பாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க காலத்துல இந்த நடுவுல இருக்கற நிலைமைய யாரும் சொல்லல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த நடுவில் இருக்கிற நிலைமைதான் நம் கையில் இருக்கிற காலம். நாற்பதைத் தாண்டியவர்கள், குறிப்பாக அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பவர்கள், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு மனசு வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். வந்திருக்கும் நாளில் உங்கள் டீக்கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்.

போன மாதம் சித்தி போன் செய்தார். நாவல் கொட்டைப் பொடி அனுப்பியிருக்கிறாராம், கூடவே ஒரு டப்பா அதிரசமும். பொடி அலமாரியில் இருக்கிறது. அதிரசத்தை ஆபீசுக்குக் கொண்டுபோய் வைத்தேன். பத்து நிமிடத்தில் காலி. ஒன்று நான் எடுத்துக்கொண்டேன், உட்கார்ந்து.